சங்கக்கடையில் பயறு இருக்கட்டும்

கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் அம்மா காலையில் கட்டிக்கொண்டு போவது கோதுமை மா ரொட்டியும் சம்பலும், கூடவே சாயத்தண்ணி. வயிறு நிறையும், இரத்தம் ஊறாது. சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, உணவிலுள்ள கொஞ்ச இரும்புச் சத்தையும் உடலில் முழுதாகச் சேரவிடாது. நாம் பறிக்கும் கொழுந்துதான் நமக்கே இப்படிக் குறுக்கே நிற்கிறது.

இந்த ரொட்டியை 'அவர்கள் பழக்கம்' என்று சொல்லிவிடுவது அநியாயம். முன்பு தோட்டம் கொடுத்தது அரிசி. பங்கீட்டு அரிசி சுருங்கச் சுருங்க, அந்த இடத்தை மலிவு மா பிடித்தது. 1973, 74 பஞ்சத்தில் இரண்டும் போதாமல் லயங்களில் சனம் செத்ததை மூத்தவர்கள் மறக்கவில்லை.

இலங்கையில் 2016ஆம் ஆண்டின் நாடளாவிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 17.3 சதவீதம். தோட்டப்புறத்தில் 31.7.

அரசு சும்மா இருக்கவில்லை. திரிபோஷா என்ற சத்துமா 1973 முதல் வருகிறது. கர்ப்பிணித் தாய்மாருக்கு மாதம் 2,000 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்குப் போசணை வவுச்சர் 2015 இல் வந்தது. தொகை பின்னர் கூடியது. அதில் பயறு, கடலை, நெத்தலி போன்றவற்றை வாங்க வேண்டும். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு மட்டும் காசாக வங்கிக்குப் போகிறது.

காசுக்குப் பட்டியல் போட வேண்டாம். ஏழையின் சட்டிக்குள் எட்டிப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை. வவுச்சருக்குப் பட்டியல் வேண்டும். ஆனால் அது முதலில் கட்டுப்படுத்த வேண்டியது சங்கக்கடையை: பட்டியலில் உள்ளதைக் கடை வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் தாய்சேய் உணவு உதவித் திட்டத்தின் பட்டியலில் 2009 இல் காய்கறியும் முழுதானியமும் சேர்ந்ததும், சிறு கடைகளும் அவற்றை வாங்கி வைக்கத் தொடங்கின. ஹட்டனுக்கு பஸ் ஏறிப் போய், பயறு முடிந்துவிட்டது என்று கேட்டுத் திரும்பும் தாய்க்கு, கையிலுள்ள வவுச்சர் வெறும் கடதாசி. 2022 இல் தரமான சோளமின்றித் திரிபோஷா உற்பத்தி தடைப்பட்டபோதும் வெறுங்கையோடு நின்றது அவள்தான்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை பட்டியலைத் தமிழில் கடை வாசலில் ஒட்டட்டும். தோட்ட நிர்வாகம் கிளினிக் நாளில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போடாமல் விடட்டும். சம்பளத்துக்காகக் குரல் கொடுக்கும் தொழிற்சங்கங்கள், பிள்ளைக் காம்பராவில் மதியம் என்ன கொடுக்கிறார்கள் என்றும் கேட்கட்டும்.

வீட்டிலும் ஒன்று இருக்கிறது. திரிபோஷாப் பொதி வந்த அன்றே எல்லோருமாய்ப் பிசைந்து தின்று தீர்த்துவிடுகிறோம். பசியில் பங்கு போடுவது குற்றமல்ல, பாசம்தான். ஆனாலும் கணவன்மாரே, மாமியாரே, அந்தப் பொதி வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு என்று வந்தது. அவள் சாப்பிடட்டும். தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் கழித்து ஊற்றிக் கொடுங்கள்.