அடியில் மருந்து வைத்தீர்களா?

சொத்தைப் பல்லை அடைத்து முடித்ததும், “டாக்டர், அடியில் மருந்து வைத்துத்தானே அடைத்தீர்கள்?” என்று பலர் கேட்கின்றனர். முன்பு அடைத்த பல் கூசியிருக்கும். அல்லது ஓரம் கறுத்திருக்கும். ‘ஆம்’ என்றால் நிம்மதியோடு செல்வர். ஆயினும் அம்மருந்து, அதாவது லைனர் என்னும் அடிப்பூச்சு, எல்லாப் பற்களுக்கும் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. பொருந்தாத இடத்தில் இட்டால் அதுவே கசிவுக்கு வழிவிடும்.

பல் நிற அடைப்புக்குரிய காம்போசிட், நீல ஒளியில் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு சுருங்குகிறது. சிறிய அளவுதான்; கிருமிகள் நுழைய அது போதும். எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டும் முறையை 1955இல் புவோனகோர் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் வெளியிட்டார். எனாமலில் அந்த ஒட்டு இன்றும் உறுதியாக நிற்கிறது. ஈறை ஒட்டிய ஓரத்திலோ எனாமல் மெலிந்திருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது. அங்கே ஈரம் பொதிந்த டென்டினோடு ஒட்டவேண்டும். கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

கால்சியம் ஹைட்ராக்சைடு பூச்சைக் குழியின் தரை முழுவதும் தடவும் வழக்கம் எங்களுக்கும் ஒரு காலத்தில் இருந்தது. சில ஆண்டுகள் கழித்து அத்தகைய பற்களைத் திறந்தபோது, பூச்சு நனைந்த சுண்ணாம்பாய்க் குழைந்திருந்ததைக் கண்டோம். அது பல்லோடு ஒட்டுவதில்லை. ஈரம் புகுந்தால் கரையும். பற்கூழுக்கு மிக அருகில், ஊசிமுனை அளவு வைப்பதே முறை. கிளாஸ் அயனோமர் வேறு வகை. அது பல்லோடு வேதிமுறையில் பிணைகிறது, ஃபுளோரைடையும் வெளியிடுகிறது. ஈறருகே ஆழமான குழிகளில் அதைக் கீழே இட்டு மேலே காம்போசிட் வைப்பதை நாங்கள் விரும்புகிறோம். மற்றபடி, பின்பற்களில் அடிப்பூச்சு இடுவதால் கூச்சம் குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே 2016இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் கூறியது.

பூச்சைவிடப் பெரிது, பல் உலர்ந்திருப்பது. அண்மையில் முதியவர் ஒருவரை அவர் மகன் அழைத்து வந்தார். ஈறருகே சொத்தை, உமிழ்நீரும் நிற்கவில்லை. இரண்டாம் முறை வரச்சொன்னோம். “வெள்ளையாக, இன்றைக்கே முடித்துவிடுங்கள்” என்றார் மகன். நாங்களும் இணங்கினோம், அது எங்கள் பிழை. ஓராண்டுக்குள் ஓரம் கசிந்து, அப்பல்லுக்கு வேர் சிகிச்சை தேவைப்பட்டது. அழகு குறைந்தாலும் அன்று கிளாஸ் அயனோமரால் மட்டுமே அடைத்திருக்கவேண்டும்.

ஆகவே, மருந்து வைத்தீர்களா என்பதோடு, “பல்லை உலர வைக்க ரப்பர் திரை கட்டுவீர்களா? காம்போசிட்டை மெல்லிய அடுக்குகளாக இறுக்குவீர்களா?” என்றும் கேளுங்கள். இவற்றுக்கு நேரம் பிடிக்கும். உடன் வருவோர் அவசரப்படுத்தாதிருந்தால் நன்று. அடைத்த சில நாட்கள் குளிர்ச்சிக்கு இலேசாகக் கூசுவது இயல்பு. கடித்தால் வலி, இரவில் தானாக எழும் வலி, வாரங்கள் கடந்தும் தணியாத கூச்சம் ஆகியவை இருப்பின், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே வாருங்கள்.