பயிற்சி மட்டும் போதுமா?

உகண்டாவின் மெக்கரேரே பல்கலைக்கழகத்தில் 2004 இல் திறக்கப்பட்ட தொற்றுநோய் நிறுவகம், ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் வைத்தியர்களுக்கும் தாதியர்களுக்கும் எச்.ஐ.வி. சிகிச்சையில் பயிற்சியளித்து வந்துள்ளது. இத்தகைய முயற்சிகள் வரவேற்கத்தக்கவையே. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2006 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, உலக நோய்ச்சுமையில் 24 சதவீதத்தைத் தாங்கிநின்ற ஆபிரிக்கப் பிராந்தியத்தில், உலக சுகாதார ஊழியர்களில் 3 சதவீதத்தினரே இருந்தனர்.

ஆயினும், பயிற்சி பெற்றவர்களைப் பாதுகாப்பது யார்? சியராலியோனின் கெனிமா அரச வைத்தியசாலையில் லாசா காய்ச்சல் சிகிச்சையில் தேர்ச்சி பெற்றிருந்த வைத்தியர் ஷேக் உமர் கான், 2014 ஜூலையில் எபோலாவுக்குப் பலியானார். அந்நோய்ப் பரவலின்போது லைபீரியா தனது வைத்தியர், தாதியர், மருத்துவ மாதரில் சுமார் 8 சதவீதத்தினரை இழந்தது. அவர்களிடம் அறிவு இருந்தது. கையுறைகளும் பாதுகாப்பு அங்கிகளும் வேலைப்பளுவைப் பகிர்ந்துகொள்ளச் சக ஊழியர்களும்தான் போதியளவு இருக்கவில்லை.

எஞ்சியோரைச் செல்வந்த நாடுகள் ஈர்த்துக்கொள்கின்றன. இதனைக் கட்டுப்படுத்தவென 2010 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆட்சேர்ப்புக் கோவைக்குச் சட்டவலு இல்லை. விரும்பினால் மதிக்கலாம், அவ்வளவே!

மலாவி 2004 இல் வேறு வழியை நாடியது. பிரித்தானியா உள்ளிட்ட கொடையாளர்களின் நிதியுதவியுடன் சுகாதார ஊழியர்களின் வேதனத்தை 52 சதவீதத்தால் உயர்த்தி, அவர்களைத் தாய்நாட்டிலேயே தக்கவைக்க முயன்றது. மலாவித் தாதியரைத் தனது வைத்தியசாலைகளுக்கு அழைத்துக்கொண்டிருந்த நாடும் அதே பிரித்தானியாதான்.