விருந்து இனிப்பு காலை உணவாகலாமா?

செட்டிநாட்டுத் திருமண விருந்தில் கவுனி அரிசி இனிப்பைச் சுவைத்திருக்கிறீர்களா? கருநிற அரிசியை இரவு முழுதும் ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய், ஏலக்காய் சேர்ப்பார்கள். நகரத்தார் பர்மாவில் வணிகம் செய்த காலத்தில் இவ்வரிசி காரைக்குடிப் பக்கம் வந்தது என்பார்கள். இதை விருந்தோடு நிறுத்தாமல் காலை உணவாகவும் கொள்ளலாம் என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

ஓட்ஸை ஏன் பாராட்டுகிறோம்? அதன் தவிடு நீக்கப்படுவதில்லை; ஆகவே நார்ப்பொருள் வீணாவதில்லை. கவுனியும் அப்படித்தான். அதன் கருமைக்குக் காரணமான ஆந்தோசயனின் என்னும் நிறமி தவிட்டில்தான் உள்ளது. அது நீரில் கரையும். ஊறிய நீரைச் சிறிது எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள்; ஊதா நிறம் சிவப்பாக மாறும்! எனவே அரிசியை முதலிலேயே கழுவிவிட்டு, ஊறிய நீரிலேயே வேகவைப்பது நல்லது.

நிபந்தனை சர்க்கரையைப் பற்றியது. உணவில் சேர்க்கும் சர்க்கரை தரும் ஆற்றல், நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்தியது. 2000 கலோரி உண்பவருக்கு இது 50 கிராம். விருந்துக்குப் போடும் அளவில் போட்டால், காலையிலேயே அதில் பெரும்பங்கு தீர்ந்துவிடுமல்லவா? வெல்லமும் இக்கணக்கில் அடங்கும்.

ஆகவே சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள். வாழைப்பழத்தை நறுக்கிச் சேருங்கள். தானியத்தின் தவிட்டைக் காப்போம். சர்க்கரையை விருந்து நாளுக்கு விட்டுவைப்போம்!