இன்டர்நெட் மேல்படிப்பு யாருக்கு?

ஓசூருக்கு அப்பால் கர்நாடக எல்லையை ஒட்டியிருக்கும் பேரிகை முதலிய ஊர்களில், ரோஜாத் தோட்டத்தில் கூலி வேலை செய்தும், தொழிற்சாலைகளுக்கு ஷிப்டு வேலைக்குப் போயும் பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்து வருகிறார்கள். அப்பிள்ளைகளில் ஒருவர் பி.சி.ஏ.வோ பி.எஸ்சி.யோ முடித்துவிட்டு, "இன்டர்நெட் சம்பந்தமான கம்ப்யூட்டர் வித்தையில் எம்.சி.ஏ. படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், உடனே வீட்டிலும் திண்ணையிலும் மூன்று ஆட்சேபணைகள் கிளம்பிவிடுகின்றன. "ஒரு பட்டம் போதாதா?" என்பது ஒன்று. "பெண்பிள்ளைக்கு இத்தனை படிப்பு எதற்கு?" என்பது இரண்டு. "ஜாதகத்தில் வித்தைக்கு இடமிருக்கிறதா?" என்பது மூன்று. இவற்றைப்பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்லுகிறோம்.

முதலாவது, இந்த வித்தை இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் ஊரிலிருந்து சேதியோ படமோ புறப்படும்போது அது முழுசாகப் போவதில்லை. சிறுசிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டின் தலையிலும் விலாசமும் வரிசை நம்பரும் போடப்பட்டு, கிடைத்த வழியிலெல்லாம் போய், சேருமிடத்தில் நம்பர்ப்படி அடுக்கப்படுகின்றது. வழியில் ஒரு துண்டு தவறினால் அது மட்டும் மறுபடியும் அனுப்பப்படுகின்றது. நடுவிலிருக்கும் யந்திரம் துண்டின் விலாசத்தைப் பார்க்கிறதே ஒழிய, அனுப்பினவன் என்ன ஜாதி, எந்தத் தெருக்காரன் என்று கேட்பதில்லை. யந்திரத்திற்குள்ள இந்த அறிவு மனிதனுக்கு எப்போது வரப்போகிறதோ தெரியவில்லை!

1969-ல் அமெரிக்காவில் நான்கு இடங்களிலிருந்த கம்ப்யூட்டர்களை இணைத்ததில் ஆரம்பித்து, 1983-ல் பொது விதி ஏற்பட்டு, 1989-ல் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் ஜெனீவா ஆராய்ச்சி நிலையத்தில் வலைத் திட்டத்தை யோசித்து, 1993-ல் அது எல்லோருக்கும் இலவசமென்று விடப்பட்டது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ந் தேதி. இதில் எந்த ரிஷி தவம் செய்தார்? எந்தக் கடவுள் வரம் கொடுத்தது? மனிதன் யோசித்தான், தவறினான், திருத்தினான், வெற்றி பெற்றான். அவ்வளவுதான்.

இனி, ஒரு பட்டம் போதாதா என்பது. முதல் பட்டத்தில் புரோகிராம் எழுதக் கற்கிறார்கள். மேல்படிப்பில், ஆயிரம் கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஒரே வேலையைச் செய்விப்பது எப்படி, அதில் பத்துக் கெட்டாலும் வேலை நிற்காதிருப்பது எப்படி, சேதி திருடன் கைக்குப் போகாமல் பூட்டுவது எப்படி என்பவற்றை ஆழ்ந்து கற்கிறார்கள். வண்டி ஓட்டத் தெரிந்தவனுக்கும் என்ஜினை அமைக்கத் தெரிந்தவனுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓசூர்க்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நிலம் நம்முடையது, வியர்வை நம்முடையது, திட்டம் போடும் மேஜை மட்டும் வேறொருவனுடையது என்றால், அது இன்னும் எத்தனை தலைமுறைக்கு? எம்.சி.ஏ. படிப்போ 2020-21 முதல் மூன்று வருஷத்திலிருந்து இரண்டு வருஷமாகக் குறைக்கப்பட்டுவிட்டது. ஆகவே காலமில்லை என்ற சாக்கும் நிற்காது.

பெண்களைப் பற்றியோவென்றால், மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்பதற்காகப் பெண்ணின் மூளையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுவது எந்த நியாயம்? அதிகம் படித்தவளைக் கண்டு பயப்படுகிறவன் தானும் படித்துக்கொள்ளட்டுமே! ஆணுக்குச் செலவு செய்தால் முதல், பெண்ணுக்குச் செலவு செய்தால் நஷ்டம் என்று எண்ணுவது, பெண்ணை மனுஷியாக எண்ணாததைத்தவிர வேறில்லை.

ஜாதகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இப்போது ஜாதகத்தையே கம்ப்யூட்டர் கணித்துக் கொடுக்கிறது என்று பெருமை பேசுகிறார்கள். பொய்யைச் சீக்கிரமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டால் அது மெய்யாகிவிடுமா? அந்தக் கம்ப்யூட்டரை இயக்கப் படிக்கிறவன், படிக்கலாமா என்று அதனிடமே போய்க் கேட்பதைவிடப் பரிகாசம் வேறென்ன?

நிற்க, பணக் கஷ்டம் என்பது மட்டும் பொய்யான ஆட்சேபணையல்ல. தமிழ்நாட்டு சர்க்கார் 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை கொடுத்தது. 2022-ல் புதுமைப்பெண் திட்டத்தில் அரசினர் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஏற்படுத்தியது. இரண்டும் நல்ல காரியங்களே. ஆனால் இரண்டும் முதல் பட்டத்தோடு நிற்கும்படி வகுக்கப்பட்டவை. ஏழையின் பிள்ளைக்கு ஏணியைக் கொடுத்து, பாதிப் படிகளுக்குமேல் அறுத்துக் கொடுப்பதா? மேல்பட்டத்துக்கும் இவ்வுதவி நீள வேண்டுமென்று கேட்க நமக்குப் பூரண உரிமை உண்டு. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்குள்ள மெட்ரிக் மேற்படிப்பு உபகாரச் சம்பளம் மேல்பட்டத்துக்கும் உண்டாதலால், வருமான வரம்புக்கு உட்பட்டவர்கள் அதைக் கேட்டுப் பெறத் தவறக்கூடாது.

அதோடு, விளம்பரத்தைக் கண்டு ஏமாறவும் கூடாது. பட்டம் ஒன்றும் மந்திரத் தாயத்து அல்ல. அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரம் உண்டா? பாடம் சொல்லுகிறவர் யார்? பிள்ளைகள் கைபடச் செய்து பார்க்கக் கம்ப்யூட்டர்கள் உண்டா? கோவிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்குவதுபோல் பணத்தைக் கட்டிவிட்டு வராமல், இக்கேள்விகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சேர்க்க வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே! நல்ல நேரம் பார்க்கவேண்டாம். நல்ல கல்லூரியைப் பாருங்கள். ஜாதகக் கட்டைப் பிரிக்கவேண்டாம். மார்க்குச் சீட்டைப் பிரியுங்கள். பிள்ளை ஆணாயிருந்தாலும் பெண்ணாயிருந்தாலும் படிக்க ஆசைப்பட்டால் படிக்க விடுங்கள்.