கூரை ஒன்று, தகரம் மட்டும் ஆளுக்கு இரண்டா?

மே மாத மழை பிடித்துவிட்டால் அட்டன், மஸ்கெலியா பக்கத்து லயன்களில் அண்ணாந்து பார்க்கும் இடமெல்லாம் பழுப்புக் கறைதான். சீலிங் அடித்த காம்பிராவில் பலகை ஊறும். அடிக்காத காம்பிராவில் மேலே கட்டிய பொலித்தீன் தண்ணீர் தாங்காமல் தொங்கும். தீபாவளிக்கு அதன்மேல் பெயின்ட் பூசுகிறோம். அடுத்த மழைக்குக் கறை அதே இடத்தில் வந்து நிற்கிறது.

கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் தகரத்தின் அடியிலும் மரச்சட்டத்திலும் ஓடிவந்து, தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். பக்கத்து வீட்டுக்கு மேலே ஆணி கழன்றிருக்கும். ஒழுகுவது நம் வீட்டில். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயனில் நடுச்சுவரை ஒட்டிக் கறை வந்தால் முகட்டுத் தகரத்தைப் பாருங்கள். நீட்டிக் கட்டிய குசினியில் வந்தால், பழைய கூரையும் புதுத் தகரமும் சேரும் இடத்தைப் பாருங்கள். மழையே இல்லாத குளிர்ந்த விடியலில் சொட்டினால் அது பெரும்பாலும் ஒழுக்கு அல்ல. அடுப்பு ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகி, புகைக்கரியோடு இறங்குகிறது. அதற்குப் புதுத் தகரம் கேட்டுப் பயனில்லை, புகைக்கூடு வேண்டும்.

சின்ன ஓட்டைக்குத் தார் பூசலாம். ஆணி அடிப்பதென்றால் தகரத்தின் மேட்டில், ரப்பர் வாசர் போட்டு அடிக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் ஓடும் வழியிலேயே துளை போட்டதாகும். மேலே வைக்கும் டயரும் கல்லும் காற்றுக்குத்தான் உதவும், மழைக்கு உதவாது. அஸ்பெஸ்டஸ் சீட்டைத் துளைக்கவோ உரசவோ கூடாது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பல்ப் பக்கத்தில் ஈரம் கண்டால் முதல் வேலை மெயின் சுவிட்சை நிறுத்துவது.

இவ்வளவும் நாம் செய்யக்கூடியவை. ஆனால் துருப்பிடித்து மடிந்த கூரையைத் தார் காப்பாற்றாது. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. அதற்கு முன்பும் பின்பும் லயன் காம்பிராவுக்கு உறுதி நம் கையில் இல்லை. உறுதி கேட்டால் அது தோட்டத்துச் சொத்து; ஒழுகுகிறது என்றால் மட்டும் "உங்கள் வீடுதானே, நீங்களே பாருங்கள்" என்ற பதில். இது என்ன நியாயம்?

மிஞ்சிப்போனால் வீட்டுக்கு இரண்டு தகரம் தருகிறார்கள். அது யாருக்கு முதலில் என்று நமக்குள் சண்டை. பத்துக் காம்பிராவுக்கும் கூரை ஒன்றுதான். நடுவில் இரண்டு தகரத்தை மாற்றினால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குத்தான் திரும்பும். ஆகவே தனித்தனியாகப் போய்க் கேட்பதை நிறுத்துவோம். முழு லயனுக்கும் ஒரே கடிதம், எல்லா வீட்டாரின் கையெழுத்தோடு, தோட்டக் கமிட்டி வழியாகப் போகட்டும். எந்தக் காம்பிராவில், எந்தத் திகதி மழைக்கு, எந்த இடத்தில் ஒழுகியது என்று அதில் எழுதுங்கள். பெயின்ட் வாளியைத் திறக்குமுன் கறையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்ட கையொப்பமும் திகதியும் வாங்காமல் ஒபிசை விட்டு வர வேண்டாம்.