தேதி தரத்தின் பகையன்று

நாட்காட்டியைப் பார்த்து மென்பொருள் வெளியிடுவது வணிக நிறுவனங்களின் வழக்கம். தன்னார்வலர் உழைப்பில் விளையும் கட்டற்ற மென்பொருளோ 'ஆயத்தமானதும் வெளிவரும்' என்றிருப்பதே அறம் என்ற கருத்து கல்விப்புலத்தில் வேரூன்றியிருக்கிறது. கேட்பதற்கு உயர்ந்த கொள்கைதான். ஆனால் வரலாறு அதற்குச் சாட்சி சொல்லவில்லை.

டெபியனின் 3.0 பதிப்பு 2002 ஜூலையில் வந்தது, அடுத்த 3.1 பதிப்பு 2005 ஜூனில்தான் வந்தது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், நிலையான பதிப்பை நம்பியோர் பழைய மென்பொருளோடு புதிய கணினிகளின் முன் நின்றார்கள். லினக்ஸ் கருனியின் 2.4 பதிப்பு 2001 ஜனவரியிலும் 2.6 பதிப்பு 2003 டிசம்பரிலும் வெளியாயின. இடைக்காலத்தில் வழங்கல் நிறுவனங்கள், சோதனைத் தொடரிலிருந்த வசதிகளைத் தத்தம் கருனியில் தாமே ஒட்டிக்கொண்டன. விளைவு, ஒரே எண்ணைத் தாங்கிய, ஒன்றோடொன்று ஒவ்வாத கருனிகள்.

இதன் காரணம் சோம்பலன்று. அடுத்த பதிப்பு எப்போது என்று தெரியாத இடத்தில், ஒவ்வொருவரும் தம் நிரலை இந்தப் பதிப்பிலேயே நுழைத்துவிட முண்டியடிக்கிறார். கடைசிப் பேருந்தில்தான் அத்தனை நெரிசலும். நுழைந்தவை புதிய வழுக்களைக் கொணர்கின்றன. வெளியீடு மேலும் தள்ளிப்போகிறது. தவிர, 'ஆயத்தம்' என்று தீர்ப்பளிப்பவர் யார்? திட்டத்தின் உள்வட்டத்தில் இருப்போரே. வெளியே இருப்பவருக்குக் காத்திருப்பு மட்டுமே மிச்சம்.

தேதிக்குக் கட்டுப்பட்டால் அரைகுறையான மென்பொருளே வரும் என்பர். இது பிழையான புரிதல். தேதி 'எப்போது' என்பதைத்தான் நிலைநிறுத்துகிறது. 'எது' என்பதை அன்று. இன்றைய லினக்ஸ் கருனியில் புதியவற்றைச் சேர்க்க இரண்டு வாரம். அதன்பின் திருத்தங்கள் மட்டுமே. ஒன்பது அல்லது பத்து வாரத்தில் ஒரு பதிப்பு. ஆயத்தமாகாத நிரல் அடுத்த சுற்றுக்குப் போகிறது. பத்து வாரத்துக்குள் அது வருமென்பதால் எவரும் கலங்குவதில்லை. தேதி வழிபாட்டுப் பொருளுமன்று. 2006 ஏப்ரலில் வரவேண்டிய உபுண்டு பதிப்பு, மெருகேற்றுவதற்காக முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு ஜூனுக்குத் தள்ளப்பட்டது. அறிவித்துத் தள்ளுவதும் அறிவிப்பின்றி இழுப்பதும் ஒன்றல்ல.

மதிக்கத்தக்க மறுப்பு ஒன்று உண்டு: வேகம். 2011இல் பயர்பாக்ஸ் ஆறு வாரச் சுழற்சிக்கு மாறியபோது, பெரிய நிறுவனங்களால் ஈடுகொடுக்க இயலவில்லை. அக்குறை நியாயமானது, 2012இல் அவற்றுக்கென நீண்டகால ஆதரவுப் பதிப்பு வந்தது. ஆனால் அது சுழற்சியின் நீளம் பற்றிய வழக்கு. தேதி வேண்டுமா என்ற வழக்கன்று.

நாட்காட்டி என்பது முகமறியாதவர்க்குத் தரும் வாக்குறுதி. அது அவர்கள்மீதும் கடமையைச் சுமத்துகிறது. பைத்தான் 3.9 முதல் ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய பதிப்பு வருகிறது. மே மாதமளவில் புதிய வசதிகளுக்குக் கதவடைக்கப்பட்டுச் சோதனைப் பதிப்புகள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. அந்த மாதங்களில் தம் ஆய்வு நிரலை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்காத ஆய்வகம், நவம்பரில் வழுவைக் கண்டு தன்னார்வலர்களின் பொறுப்பின்மையைப் பழிக்கத் தகுதியுடையதன்று. தேதி முன்பே சொல்லப்பட்டிருந்தது. தவறியவர் எவரென்பதும் அதனாலேயே தெளிவு.