வாட்டம் இல்லாத தரை

"நம்ம ஜனங்களைத் திருத்தவே முடியாது சார்." முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை வாசலில் டீ குடிக்கிறவர் இதைச் சொல்வார். மூக்கைப் பொத்திக்கொண்டு பேருந்து நிலையத்தைக் கடக்கிறவரும் சொல்வார். புது விளக்குமாற்றோடு படம் எடுத்துக்கொள்ளும் பிரமுகர் அதையே நாகரிகமாக, 'பொதுமக்களிடம் விழிப்புணர்வு இல்லை' என்பார். கட்சி, சாதி, படிப்பு எல்லாவற்றையும் தாண்டித் தமிழ்நாடு ஒருமனதாக ஒப்புக்கொள்ளும் விஷயங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று. அதனாலேயே யாரும் இதைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

ரயிலிலிருந்து தொடங்குவோம். எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரும் பாதையில்தான் முண்டியம்பாக்கம் ஸ்டேஷன் இருக்கிறது. அந்தப் பாதையில் ஓடிய பெட்டிகளின் கழிப்பறைகளில், வண்டி நிற்கும்போது உபயோகிக்காதீர்கள் என்று பல பத்தாண்டுகளாக எழுதி வைத்திருந்தார்கள். யார் கேட்டார்கள்? வயிற்றுக்கு ஸ்டேஷன் தெரியுமா? பெரிய நிலையங்களில் ஜல்லிக்குப் பதிலாகத் தண்டவாளத்தின் கீழ் கான்கிரீட் தளம் போட்டு, தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். கழுவ நிறுத்தப்பட்டவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 தொடங்கி, ரயில்வேயும் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வும் சேர்ந்து உருவாக்கிய பயோ டாய்லெட் தொட்டிகளைப் பெட்டிகளின் அடியில் மாட்ட ஆரம்பித்தார்கள். சுமார் பத்து வருஷத்தில் பயணிகள் பெட்டிகள் அனைத்துக்கும் அது வந்து சேர்ந்தது. தண்டவாளத்தில் மலம் விழுவது நின்றது. பயணிகள் மட்டும் அதே பயணிகள். ஒருவரும் திருந்தவில்லை, திருந்த வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இனி ஆஸ்பத்திரிக்கு வருவோம். 2010-இல் கல்லூரியோடு வந்த முண்டியம்பாக்கம் மருத்துவமனை விக்கிரவாண்டி, செஞ்சி, திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் பெரியாஸ்பத்திரி. அதை மட்டும் குறை சொல்ல இதை எழுதவில்லை. தமிழ்நாட்டின் எந்தப் பெரியாஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். ஒரு நோயாளி படுத்தால் கூட இரண்டு மூன்று பேர் வருவார்கள். பாய், தூக்குச்சட்டி, வயர்கூடை, மாற்றுத்துணி எல்லாம் வரும். வராந்தாவில் சாப்பிடுவார்கள், பாத்திரம் கழுவுவார்கள், துணி அலசுவார்கள். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. கட்டடத்துக்கு வரைபடம் போட்ட பொறியாளரின் அம்மா அங்கே படுத்திருந்தால் அவர் வீட்டாரும் இப்படித்தான் வந்திருப்பார்கள். ஆனால் வரைபடத்தில் அந்த மூன்று பேர் இல்லை. பாத்திரம் கழுவத் தொட்டி கிடையாது. ஒன்றேகால் அங்குலக் குழாய் வைத்த வாஷ்பேசின் இருக்கிறது, கை கழுவ. அதில் சோற்றுப் பருக்கை விழுந்து அடைத்துக்கொண்டதும் 'பார்த்தீர்களா நம்ம ஜனங்களை' என்று ஆரம்பித்துவிடுகிறோம்.

ஒரு சோதனை சொல்கிறேன். அரசுக் கட்டடம் எதிலாவது, கழிப்பறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். பல இடங்களில் அது சாக்கடைத் துளையை நோக்கிப் போகாது. நடுவில் குளமாக நிற்கும், இல்லையென்றால் வாசலைத் தேடி வரும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம் போதும், தண்ணீர் தானாக ஓடும். கொத்தனார்கள் இதை வாட்டம் என்பார்கள். அதற்குத் தனிச் செலவில்லை. டைல்ஸ் ஒட்டும்போது பக்கத்தில் நின்று ரசமட்டம் வைத்துப் பார்க்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். சுவரும் தரையும் செங்கோணமாகச் சேரும் மூலையில் துடைப்பம் நுழையாது. அந்த மூலையை வளைத்துப் பூசிவிட்டால் மாப்பு ஒரே இழுப்பில் அழுக்கை எடுத்துவிடும். இது தெரியாத வித்தையா? அறுவை அரங்குகளில் அப்படித்தான் பூசுகிறார்கள். அதே கட்டடத்தின் கழிப்பறைக்கு வரும்போது மறந்துபோகிறது.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் வெள்ளை டைல்ஸ் ஒட்டுவது இன்னொரு கூத்து. கொஞ்ச நாளிலேயே பழுப்புக்கறை ஏறும். கறை போக ஆசிட் ஊற்றுவார்கள். ஆசிட், டைல்ஸ் இடுக்கிலுள்ள சிமெண்டைத் தின்னும். அரித்த இடுக்கில் அழுக்கு நிரந்தரமாகக் குடியேறும். ஊற்றிய அம்மாவுக்கு இருமல் மிச்சம். பளபளப்பாக இருந்தால் சுத்தம் என்று நம்புவதும் 'ஜனங்களைத் திருத்த முடியாது' என்ற நம்பிக்கைக்கு உடன்பிறப்புதான். திறப்பு விழா அன்று எல்லாம் பளபளக்கும். அதற்குப் பிறகும் பளபளப்பது தலைவர் பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்றுதான்.

மாடிப்படித் திருப்பத்தில் பிள்ளையார், மெக்கா, வேளாங்கண்ணி மாதா மூன்றும் பதித்த டைல்ஸைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. எச்சில் துப்பாமல் இருக்கக் கடவுளர்களைக் காவலுக்கு வைத்திருக்கிறோம். அந்த மூலை ஏன் எச்சிலை இழுக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை. வெளிச்சம் கிடையாது, ஜன்னல் கிடையாது, பக்கத்தில் ஒரு தொட்டி கிடையாது. வெற்றிலை போடுகிறவன் துப்பத்தான் செய்வான் என்று தெரிந்த அந்தக் காலத்துப் பெரிய வீடுகளில் படிக்கம் இருந்தது. நாம் படிக்கத்தை எடுத்துவிட்டு உபதேசத்தை வைத்தோம்.

இதெல்லாம் வெளிநாட்டு ஞானம் என்று யாரும் சொல்ல வேண்டாம். முண்டியம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே பனையபுரத்தில் சம்பந்தர் பாடிய பனங்காட்டூர்ச் சிவன் கோயில் இருக்கிறது. மற்றச் சிவன் கோயில்களைப் போலவே இங்கேயும், குடம் குடமாக ஊற்றும் அபிஷேக நீர் கருவறைக்குள் தேங்குவதில்லை. ஆவுடையாரிலிருந்து இறங்கி, வடபுறம் கோமுகம் வழியாக வெளியே விழுகிறது. பாலும் எண்ணெயும் தினமும் கொட்டப்படும் என்று தெரிந்துதான் ஸ்தபதி கல்லை அடுக்கினார். பக்தர்கள் பொறுப்பாக, அளவாக ஊற்ற வேண்டும் என்று அவர் பலகை எழுதி மாட்டவில்லை.

இந்த இடத்தில் யாராவது சிங்கப்பூரை இழுப்பார்கள். 'அங்கே அபராதம் போடுறான் சார், பயம் இருக்கு.' அபராதம் உண்டு. 1968-இல் லீ குவான் யூ தொடங்கிய தூய்மை இயக்கமும் உண்டு. ஆனால் அதே காலத்தில் அந்த அரசு செய்த இன்னொரு வேலையை நம்மவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள். தெருவோர உணவுக்காரர்களைக் கணக்கெடுத்து, உரிமம் கொடுத்து, குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் உள்ள உணவங்காடிகளைக் கட்டி, 1980-களின் நடுவுக்குள் அங்கே குடியமர்த்தினார்கள். எச்சில் தட்டைக் கழுவ இடம் கொடுத்துவிட்டுத்தான் சாக்கடையில் கொட்டாதே என்றார்கள். நாம் அபராதத்தை மட்டும் இறக்குமதி செய்யப் பார்க்கிறோம். குழாய் போடச் செலவாகும்; திட்டுவதற்கு ஆகாது.

ஜனங்கள் மேல் தவறே இல்லையா என்றால், இருக்கிறது. நல்ல வெளிச்சத்தில், குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று கீழே போடுகிறவனும் இருக்கிறான். அவனுக்கு அபராதம் போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. என் சண்டை, அவனைக் காட்டி மற்ற எல்லாவற்றையும் மூடி மறைப்பவர்களோடு. 'ஜனங்கள் சரியில்லை' என்று தீர்ப்பு எழுதிவிட்டால் வரைந்தவர், ஒப்பந்தக்காரர், அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவர் யாரும் பதில் சொல்ல வேண்டாம். மிச்ச வேலை முழுக்க, அதிகாலையில் ப்ளீச்சிங் பவுடரோடு வந்து நிற்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் தலையில் விழும். நாற்றம் வந்தால் திட்டும் அவருக்குத்தான். தரையில் வாட்டம் இல்லாததற்கு அவர் முதுகு வாட்டம் எடுக்கிறது.

2015 முதல் மத்திய அரசு, சுத்தமான அரசு மருத்துவமனைகளுக்கு 'காயகல்ப்' என்ற விருது தருகிறது. நல்ல காரியம். ஆனால் மதிப்பெண் வாங்குவதும் இழப்பதும் மருத்துவமனைதான்; கட்டிக் கொடுத்தவருக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

போடலாம். பொதுப்பணித்துறை கட்டி முடித்த கட்டடத்தை, அதைப் பயன்படுத்தப்போகும் துறை கையேற்கும் முன்பு ஒரு மாதம் புழக்கத்தில் விடட்டும். அந்த ஒரு மாதமும் அங்கே கழுவும் பணியாளரிடம் கேட்கட்டும்: தண்ணீர் எங்கே நிற்கிறது, எந்த மூலைக்குக் கை எட்டவில்லை, ஹோஸ் மாட்ட எந்தத் தளத்தில் குழாய் இல்லை, எந்தச் சேம்பர் மூடியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். அவர் சொல்வதைச் சரிசெய்த பிறகு, கையேற்புச் சான்றிதழில் செயற்பொறியாளர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவருடைய கையெழுத்தும் இருக்கட்டும். அது இல்லாமல் ஒப்பந்தக்காரரின் கடைசி பில்லை நிறுத்தி வைக்கட்டும்.